மாஸ்டர் டேப்பில் ஒரு தப்பு

வசந்தி, மோகன், இந்த வாரம் எழுதுவதை உங்கள் இருவரிடமும் நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும். பலமுறை ஆரம்பித்து, வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். பத்திரிகையில் வந்தால் ஊரே படிக்கும், படிக்கட்டும். நீங்கள் படிக்கும்போது நான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அது போதும்.

போன வாரம், ஓசூரில் வேலை கிடைத்து வாடகை வீடு பிடித்த கதையில் நிறுத்தியிருந்தேன். அந்த வீட்டில் பிறந்தவன் உங்கள் அண்ணன் ராஜா. சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் என் இடுப்பில் உட்கார்ந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறானே, அவன். அவனுக்கு என்ன நோய், அது ஏன் வந்தது, அதில் நான் செய்த காரியம் என்ன என்பது உங்களுக்குத் தெரியாது.

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பாதிச் சுவர் வரைக்கும் பச்சை பெயின்ட். ஸ்பிரிட் வாசனை. ராஜாவுக்கு அப்போது ஒன்றரை வயது, முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்திருந்தது. உங்கள் அம்மா ருக்மணி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரத்தம் ஏற்றும் வார்டில் வரிசையில் நின்றாள். வசந்தி, நீ அப்போது அவள் வயிற்றில் மூன்று மாதம்.

டாக்டரம்மா என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு சீட்டுகள். ஒன்று உங்கள் அம்மாவின் ரத்தத்தைப் பார்த்தது, இன்னொன்று என்னுடையது. பேச்சு கன்னடத்தில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"தொழிற்சாலையில மெஷின் ஆப்பரேட்டருங்க. டேப் மெஷின்."

"அதென்ன டேப்? பாட்டுக் கேக்கறதா?"

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "அப்போ உங்களுக்குச் சொல்றது எனக்குச் சுலபம்" என்றார்.

ஓட்டை போட்ட காகிதம்

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நான் சேர்ந்த புதிதில் எங்கள் மெஷினுக்குப் புத்தி சொன்னது ஒரு காகித நாடா. ஓர் அங்குல அகலம், நீளம் வீடு முழுக்க விரிக்கலாம். அதில் வரிசை வரிசையாகப் பொடி ஓட்டைகள். ஒரு வரிசை ஓட்டை ஓர் எழுத்து. எழுத்துகள் சேர்ந்தால் ஒரு கட்டளை. இத்தனை தூரம் போ, இந்த வேகத்தில் வெட்டு, இந்த உளியை எடு, போதும் நிறுத்து.

மெஷினுக்கு இரும்பும் தெரியாது, பித்தளையும் தெரியாது. ஓட்டையைப் படிக்கும், சொன்னதைச் செய்யும்.

மாஸ்டர் டேப் மெஷினுக்கு வரவே வராது. புரோகிராம் எழுதும் அறையில் பீரோவில் பூட்டிவைத்திருப்பார்கள். அதைப் பார்த்து அடித்த நகல்தான் எங்களிடம் வரும். எண்ணெயும் தூசியும் பட்டு நகல் நைந்து கிழியும். கிழிந்தால் இன்னொரு நகல்.

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "உடம்புல செல்லுன்னு இருக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு. அதுக்குள்ள ஒரு பூட்டின அறை. மாஸ்டர் டேப் அங்க இருக்கு. அது வெளியே வராது. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்பும். வெளியே மெஷின் நிக்குது. நகலைப் படிச்சுச் சாமான் செய்யும்."

"என்ன சாமானுங்க?"

"புரோட்டீன். சதை, முடி, ரத்தத்துல இருக்கற சிவப்பு, எல்லாம் அந்த வகைதான்."

மூன்று மூன்று எழுத்து

இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது வசந்தியின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் படித்தது. நீ தூங்கப்போன பிறகு எடுத்துப் படிப்பேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். பக்க ஓரத்தில் பென்சில் கோடு யார் போட்டது என்று நீ மோகனைப் பிடித்துத் திட்டினாயே, அது நான்.

அந்த டேப்பில் எழுத்து நான்குதான். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் சரத்தில் கோக்க ஒரு மணியைக் கொண்டுவரச் சொல்கிறது. மணிக்குப் பெயர் அமினோ அமிலம். இருபது வகை மணி உண்டு. எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்ற வரிசைதான் எல்லாம். வரிசை சரியாக இருந்தால் அந்தச் சரம் தானாக மடங்கி உருவம் எடுத்து வேலைக்குப் போகும்.

மணியைக் கொண்டுவருவதற்கும் ஆள் இருக்கிறது. மூலக்கூறுதான், ஆள் என்று நான் சொல்கிறேன். அதன் ஒரு முனை நகலில் இருக்கும் மூன்றெழுத்தோடு பொருந்தும், மறுமுனையில் அந்தச் சொல்லுக்குரிய மணி இருக்கும். பொருந்தாத ஆள் வந்தால் திரும்பிப் போகவேண்டியதுதான். தொடங்கு என்பதற்குச் சொல் உண்டு. நிறுத்து என்பதற்கும் உண்டு.

சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எனக்கு அதுதான் ஆச்சரியம். மோகன், இதைப் பார்: மரம் படம் கடல். மூன்றும் மூன்றெழுத்துச் சொல். இடைவெளி இல்லாமல் எழுதி, இரண்டாவது எழுத்தான 'ர'வை மட்டும் எடுத்துவிட்டு, திரும்பவும் மூன்று மூன்றாகப் பிரி. மம்ப, டம்க, டல். ஓர் எழுத்துத்தான் போனது. அதற்குப் பின்னால் இருந்த எல்லாம் கெட்டுவிட்டது.

ஒன்றுதான் எங்கள் தொழிற்சாலையோடு பொருந்தவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், சத்தம் மாறினால் நிறுத்துவேன். செல்லுக்குள் ஆப்பரேட்டர் கிடையாது. எழுதினதை எழுதினபடி செய்துகொண்டே போகும்.

இரண்டு சீட்டு

திரும்ப அந்த அறைக்கு வருகிறேன். "உங்க பையனுக்கு ரத்தத்துல சிவப்பு உண்டாகிற இடத்துல டேப் தப்பா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "என்ன தப்புன்னு பாக்கற வசதி இப்ப எங்ககிட்ட இல்ல. சிலருக்கு ஒரு எழுத்து மாறியிருக்கும், சிலருக்குப் பாதியிலேயே 'நிறுத்து'ன்னு வந்திருக்கும். சரம் முழுசா வராது."

"யாரால வந்ததுங்க இது?"

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ராஜா வெளுக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சு. ருக்மணி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது கிரகணத்தன்று காய் நறுக்கினாள், அதனால்தான் என்று என் அக்கா காவேரி சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நம்பினேன். எட்டு மணி நேரம் கணக்குப் போட்டு மெஷின் ஓட்டுகிறவன்தான் நான், இருந்தாலும் நம்பினேன்.

டாக்டரம்மா இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எல்லாருக்கும் இந்த டேப் ரெண்டு இருக்கும். அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ஒண்ணு தப்பா இருந்தாலும் இன்னொண்ணு வேலையைப் பாத்துக்கும். உங்க சம்சாரத்துக்கு ஒண்ணு தப்பு. உங்களுக்கும் ஒண்ணு தப்பு. பையனுக்கு ரெண்டு தப்பும் போயிடுச்சு."

"எனக்கா? எனக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லீங்களே."

"வராது. அதான் தெரியல. சொந்தத்துல கட்டினீங்களா?"

ருக்மணி என் தாய்மாமன் மகள். எங்கள் பக்கம் மாமன் மகள் இருக்க வெளியே பெண் எடுத்தால், என்ன குறை கண்டாய் என்று கேட்பார்கள். தலையை ஆட்டினேன்.

"ஒரு பாட்டன் பாட்டிகிட்ட இருந்த டேப்போட நகல்தான் ரெண்டு பேர்கிட்டயும் வந்திருக்கு. இனி பொறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு பயம் உண்டு. சம்சாரத்துக்கும் எடுத்துச் சொல்லுங்க."

நான் வார்டுக்குப் போனேன். ராஜாவின் கையில் ஊசி ஏறியிருந்தது, ருக்மணி அந்தக் கையை அசையாமல் பிடித்திருந்தாள். சட்டைப் பையில் இரண்டு சீட்டு. அவளுடையதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்கு இருக்குதா?" என்றாள்.

"ம்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உங்களுக்காவது இல்லையே என்ற நிம்மதி. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் சும்மா இருந்தேன்.

என் சீட்டைத் தொழிற்சாலை லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

அக்காவின் முடிவு

காவேரி அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டாள், எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் இவள்தான். ஊத்தங்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. ஐ.டி.ஐ. படிக்க என்னை அனுப்பியதும் அவள் பிடிவாதம். அவள் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசினதில்லை.

அக்கா ருக்மணியின் சீட்டை வாங்கி, ஊர்க் கம்பவுண்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். ருக்மணிக்கு ரத்தத்தில் குறை என்று அவர் சொல்லியிருக்கிறார். எழுதியிருந்ததைத்தானே சொல்வார்.

அதிலிருந்து அக்காவுக்கு ஒரே முடிவு. ருக்மணி பிறந்த வீட்டுக்குப் போகட்டும், பிள்ளைப்பேறு அங்கேயே நடக்கட்டும். அவளுக்குப் பதிலாக அக்கா மகள் சுமதியை நான் கட்டிக்கொள்ள வேண்டும். அக்கா மகள்மேல் தாய்மாமனுக்கு உரிமை என்பது எங்கள் வழக்கம், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சுமதி பதினோராவது படித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பார்க்கலாம் அக்கா, பார்க்கலாம் அக்கா என்று இரண்டு மாதம் ஓட்டினேன். மார்கழியில் அக்கா தன் நிலத்து அவரைக்காய் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

நாற்பது பீஸ்

அக்கா வந்த மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். முந்தின நாள் என் மெஷினில் மதிய ஷிப்ட் பார்த்தவன் முனியப்பா. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், சூப்பர்வைசரோடு கன்னடம், வம்புக்கு மூன்றும். அவன் ஓட்டின டேப் கிழிந்துவிட்டது என்று காலையில் புது நகல் கொடுத்தார்கள். மாட்டினேன். வேலை முந்தின நாளெல்லாம் சரியாக ஓடியதுதானே என்று முதல் பீஸை அளந்து பார்க்கவில்லை.

டீ நேரத்துக்கு நாற்பது பீஸ் ஆகியிருந்தது. அத்தனையும் ஒரே அளவில் தப்பு.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "எதைத் தொட்டே?"

"ஒண்ணும் தொடலீங் சார்."

"அப்ப பேய் வந்து தொட்டுச்சா? நேத்து நல்லாத்தானே ஓடுச்சு. மெமோ வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

புரோகிராம் எழுதும் ஆரோக்கியம் சார் வந்தார். கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிடச் சின்னவர். மாஸ்டர் டேப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் தடவித் தடவிப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"பெருமாளு மேல தப்பில்ல சார். மாஸ்டர்லயே ஒரு எண்ணு மாறியிருக்குது. நான் அடிச்சது."

"யோசிச்சுச் சொல்லுங்க. மேனேஜர்கிட்ட நான் என்னன்னு எழுதறது?"

"நான் அடிச்சதுன்னே எழுதுங்க."

மதிய ஷிப்டுக்கு வந்த முனியப்பாதான் மிச்சத்தைச் சொன்னான். "மொதல் பீஸே தப்பா வந்துச்சு சார். அந்த எடத்த வெட்டிட்டு, சரியா ஓட்ட குத்தி ஒட்டி ஓட்டினேன். மேல சொல்ல மறந்துட்டேன்." என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, அளந்து பாக்காம ஓட்டினியா? கல்யாண யோசனையா?" என்றான். அக்கா வந்திருப்பது அவனுக்குத் தெரியும். எதற்கு வந்திருக்கிறாள் என்பதும் தெரிந்திருக்கும்போல. நான்கு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகலை ஒட்டித் திருத்தி ஒரு ஷிப்ட் ஓட்டலாம். அடுத்த நகல் மாஸ்டரிலிருந்துதான் வரும், அதே தப்போடு வரும். ராஜாவுக்கு நாங்கள் மாதாமாதம் ஏற்றும் ரத்தமும் அந்த ஒட்டு மாதிரிதான். அது மட்டுமில்லை. தன் தலையில் விழவேண்டியது அடுத்தவன் தலையில் விழும்போது ஆரோக்கியம் சார் அரை நிமிடம்கூடச் சும்மா நிற்கவில்லை.

லாக்கரைத் திறந்து சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில்

அக்காவும் ருக்மணியும் முற்றத்தில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். மார்கழி வந்தால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பிதுக்கம்பருப்புக் குழம்புதான். கொட்டையை விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் தோல் கையோடு நிற்கும், பருப்பு குண்டானில் விழும். ராஜா ஈரத்தோலை எடுத்துக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"வாடா. ருக்குகிட்டயே சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "ஒளிச்சுப் பேச எனக்கு வராது. நாளைக்கு நம்ம மாமா வர்றாரு, கூட்டிட்டுப் போவட்டும்."

ருக்மணி தலை நிமிரவில்லை. "போறேன் அண்ணி. பையன எங்கூட அனுப்பிடுங்க, அது போதும்."

"பையனுக்கு ரத்தம் ஏத்தணுமில்ல? உங்கூர்ல எவன் ஏத்துவான்? அவன் இங்கதான் இருக்கணும். சுமதி பாத்துக்குவா."

ருக்மணியின் விரல் நின்றுவிட்டது.

"ருக்கு எங்கயும் போவல அக்கா" என்றேன். சீட்டை எடுத்து அக்கா முன்னால் வைத்தேன்.

"யாரு சீட்டு இது?"

"என்னுது. ரெண்டு மாசமா எங்கிட்ட இருக்குது. அவளுக்கு இருக்கற அதே கோளாறு எனக்கும் இருக்கு. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் போனாத்தான் பையனுக்கு இப்பிடி ஆவும். அவகிட்ட இருந்து மட்டும் போயிருந்தா இவன் நல்லா ஓடியாடிட்டு இருப்பான்."

"அவளக் காப்பாத்த நீயா சொல்றியா?"

"டாக்டரம்மா எழுதினது. கம்பவுண்டர்கிட்டயே காட்டு. இது நம்ம அம்மா வழியா வந்திருக்கலாம் அக்கா. அப்பிடின்னா உனக்கும் இருக்கலாம். சுமதிக்கும் இருக்கலாம். அவளக் கட்டினாலும் இதே கதைதான் வரும்."

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உன்ன வளத்ததுக்கு, எம்பொண்ணு ரத்தத்தயும் கோளாறுன்னுட்ட. நல்லா இரு."

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே போனேன். பையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. கிருஷ்ணகிரி பஸ் வந்தது, ஏறி, எனக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்தபோது ருக்மணி சீட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"எப்ப குடுத்தாங்க இத?"

"உன்னுதக் குடுத்த அன்னிக்கே."

"அன்னிக்கு நான் கேட்டனே."

"கேட்ட."

அவள் ராஜாவின் கன்னத்தில் இருந்த தோலைத் துடைத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பின்னால் நடந்தது

மறுநாள் மாமா வந்தார், சாப்பிட்டார், தனியாகத் திரும்பிப் போனார். அக்கா இரண்டு வருடம் வாசல் மிதிக்கவில்லை. சுமதியைத் தர்மபுரியில் சொந்தமில்லாத இடத்தில் கொடுத்தார்கள். ரத்தம் பார்த்தார்களா என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

வசந்தி, நீ நல்ல சிவப்பாகப் பிறந்தாய். நர்ஸ் சொன்ன பிறகும் உன் நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மோகன், நீ தைரியத்தில் பிறந்தாய் என்று எழுத ஆசை. பயத்தில்தான் பிறந்தாய். ராஜா ஏழு வயது முடியும் முன்னால் போய்விட்டான்.

உங்கள் இருவருக்கும் சிறுவயதில் ரத்தம் பார்த்தது, ரத்தசோகைக்காக என்று சொன்னேன். அது பொய். மோகனுக்கு ஒன்றும் இல்லை. வசந்தி, உனக்கு என்னைப்போல, அம்மாவைப்போல, ஒன்று சரி, ஒன்று தப்பு. உனக்கு ஒரு குறையும் வராது. உன்னைப் பார்க்க வருகிற பையனுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லப்போகிறேன். சொந்தமோ அசலோ, பார்க்கத்தான் வேண்டும். அதற்காக அவர்கள் எழுந்து போனால் போகட்டும். நீ என்மேல் கோபப்படுவதாக இருந்தால், இத்தனை நாள் சொல்லாததற்குக் கோபப்படு.

அன்று சாயங்காலம்

அன்றைக்கு அம்மா உள்ளே படுத்தபிறகு முற்றத்தில் நான் மட்டும் இருந்தேன். வெயில் சுவரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவரைக்கொட்டை பாதிக்குமேல் அப்படியே தண்ணீரில் கிடந்தது.

நான் அதுவரைக்கும் பிதுக்கினதில்லை. அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து அழுத்தினேன். தெறித்து எங்கோ விழுந்தது. அடுத்தது விரலிலேயே நசுங்கியது. பத்துப் பதினைந்து போன பிறகு அழுத்தம் பிடிபட்டது.

விரலெல்லாம் பிசுபிசுத்து, நுனி சுருங்கிப்போகும்வரை ஒவ்வொன்றாகப் பிதுக்கினேன். தோலை அள்ளித் தெருவில் நின்ற மாட்டுக்குப் போட்டேன். தெறித்து விழுந்ததைத் தேடிக் கழுவிச் சேர்த்தேன். பிறகு குண்டானைத் தூக்கிப்போய் அடுப்புப் பக்கத்தில், அவள் எழுந்து வந்தால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, தட்டுப் போட்டு மூடி வைத்தேன்.